பூத் ஏஜென்ட் கையில் தேர்தல் ஆணையச் செயலி: சேலம் வீதியிலும் ஏற்காட்டு மலையிலும் எவ்வளவு தூரம் ஓடும்?

சேலம் நகரின் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ ஒரு வாசலில் போய் நின்றால், நோட்டீசைக் கையில் வாங்குவதற்கு முன்பே "எம் பேரு லிஸ்ட்ல இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிந்த கட்சிக்காரருக்குத் திண்ணையில் இடம் கிடைக்கும். "பார்த்துச் சொல்றேங்க" என்றவர் அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காகத் தேர்தல் ஆணையம் இலவசமாகத் தரும் கருவிகள் பல இருக்கின்றன. வாக்காளருக்கு அவை எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வார்டு செயலாளருக்கும் கிளைச் செயலாளருக்கும் பூத் கமிட்டிக்கும் அவை எப்படி வேலை செய்கின்றன என்பது இங்கே.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வோட்டர் ஹெல்ப்லைன் (வாக்காளர் சேவை), சி-விஜில் (விதிமீறல் புகார்), சுவிதா (பிரசார அனுமதி), சக்ஷம் (மாற்றுத்திறனாளிகளுக்கானது) என்று தனித்தனியாக இருந்தவற்றை இசிஐநெட் என்ற ஒரே செயலிக்குள் கொண்டுவரப்போவதாக ஆணையம் 2025-ல் அறிவித்தது. கட்சி ஆட்கள் வாயில் பழைய பெயர்கள்தான் இன்னும் நிற்கின்றன. இங்கேயும் அந்தப் பெயர்களே.

அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளைப் பார்த்துவிட்டு, "அங்கே தொண்டன் கையில் போன் வைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சே போறான், நமக்கு ஏன் அது இல்லை?" என்று இளைஞர் அணியில் கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கே பல மாநிலங்களில் வாக்காளர் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக்கொடுக்கிறார். அது பட்டியலிலேயே வருகிறது. நம் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண், இவ்வளவுதான். நம் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கோ வீதி வேலையே கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டும் ஓட்டுப் போடுகிறார்கள், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, ஏற்காட்டுக்காரருக்கும் அதேதான். ஆகவே நம் பூத் வேலை என்பது சட்டமன்றம், மக்களவை, உள்ளாட்சி. யார் எந்தப் பக்கம் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது, கால்தான் சொல்லும்.

இனி ஒவ்வொன்றாக.

பெயர் தேடும் வசதிதான் இதில் மிக நல்லது. ஐந்துக்கு நாலு தரலாம். அடையாள அட்டை எண், சொந்த விவரம், பதிவு செய்த கைபேசி எண் என்று மூன்று வழியில் தேடலாம். அட்டை எண் இருந்தால் பாகம் எண் (சாவடிக்கான பட்டியல் பகுதியின் எண்), வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் உடனே வந்துவிடும். ஆகவே வாசலில் நின்று "உங்க பேரு என்னங்க?" என்று தொடங்குவதைவிட "அட்டையை எடுத்துத் தாங்க" என்று கேட்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும். சொந்த விவரத்தில் தேடினால்தான் சிக்கல். இன்ஷியல் சேர்ந்திருக்கிறதா, கணவர் பெயரா தந்தை பெயரா, ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு என்ன போட்டார்கள் என்பதிலெல்லாம் மாட்டிக்கொள்ளும். வராவிட்டால் பெயரை முழுதாக அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்தோடு நிறுத்தி, தொகுதியைக் கட்டாயம் தேர்ந்தெடுத்து, வயதை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மலையில் இன்னொரு தொல்லை: சேர்வராயன் சாமி பெயரை வைத்துக்கொண்டவர்கள் பலர், அப்பா பெயரும் ஒத்துப்போவதுண்டு. அங்கே வீட்டு எண்ணும் வயதும் பார்க்காமல் "இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது.

ஏற்காட்டில் இந்தத் தேடலை எல்லாரும் தடுமாறும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி, வரிசையில் 83. மலை மட்டும் அதில் இல்லை. கீழே வாழப்பாடியும், அந்தப் பக்கம் கருமந்துறையும் இதே தொகுதிதான். மாவட்டம் சேலம், மக்களவைத் தொகுதி கள்ளக்குறிச்சி. சட்டமன்றத் தேர்தலில் இது பெரிய விஷயமில்லை. மக்களவைத் தேர்தலில் மலையேறிப் போகும் சேலம் நகரக் கட்சிக்காரர்கள் வேட்பாளர் பெயரிலிருந்து அனுமதி விண்ணப்பம் வரை தப்பாகப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

தேடல் ஒரு ஆளுக்குச் சரி. ஆயிரம் ஆளுக்கு? அங்கேதான் செயலி கைவிடுகிறது. அது தனி வாக்காளரை நினைத்துச் செய்யப்பட்டது. ஒரு தெருவை வரிசையாகக் காட்டு என்றால் காட்டாது. பூத் கமிட்டிக்குத் தேவை தெரு வரிசை. அதற்கு ஒரே வழி வாக்காளர் பட்டியலின் பிடிஎஃப். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலோ ஆணையத்தின் தளத்திலோ பாகம் வாரியாக இறக்கிக்கொள்ளலாம், கட்டணமில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சியானால் வரைவுப் பட்டியலும் இறுதிப் பட்டியலும் வெளியாகும்போது படத்தோடு அச்சிட்ட நகலும் மென்நகலும் இலவசம். மாவட்டக் கட்சி அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டு ஒன்றியத்துக்குப் பிரித்துக்கொடுக்காமல் விடுவது கட்சி பேதமில்லாத பழக்கம். கேட்டு வாங்க வேண்டும்.

பிடிஎஃபின் பெரிய குறை, அது எழுத்து இல்லை, படம். 2018-லிருந்து தளத்தில் போடுவது பட வடிவம்தான். கன்ட்ரோல்-எஃப் அடித்துப் பெயர் தேட முடியாது, எக்செலுக்கு இழுக்க முடியாது. தரவைத் திருடி மொத்தமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது காரணம். நியாயம்தான், ஆனால் பூத் வேலைக்கு அது சுமை. ஆகவே அச்செடுங்கள். ஒரு பக்கத்துக்கு 30 பேர், மூன்று பத்தி, பத்து வரிசை. ஆயிரம் ஓட்டுள்ள பூத்துக்கு 34 பக்கம், முன்பக்கமும் பின்னிணைப்பும் சேர்த்தால் நாற்பதுக்குள் முடிந்துவிடும். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். பின்பக்கம் குறிப்புக்கு வேண்டும். பேனா வேண்டாம், பென்சில். வீட்டு வரிசை முதல் சுற்றில் எப்படியும் மாறும்.

அச்செடுத்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. கடைசிப் பக்கங்களில் இருக்கும் துணைப் பட்டியலைத் தாய்ப் பட்டியலில் ஏற்றுவது. சேர்த்தல், நீக்கம், திருத்தம் என்று மூன்று பகுதி இருக்கும். நீக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து: இ என்றால் இறந்தவர், எஸ் என்றால் குடி பெயர்ந்தவர், ஆர் என்றால் இரட்டைப் பதிவு. இவற்றைத் தாய்ப் பட்டியலில் அடித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவரை அவரவர் வீட்டுக்குப் பக்கத்து ஓரத்தில் எழுதிவிட வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும் தெரியுமா? செத்துப்போனவர் பெயருக்குப் பூத் சிலிப் எழுதிக்கொண்டு போய்த் துக்க வீட்டில் நீட்டுவார்கள். புதிதாக ஓட்டு வந்த பெண்ணை ஒருவரும் தேடிப்போக மாட்டார்கள், அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் தூங்கும்.

பிறகு பிரிப்பு. பக்கத்துக்கு ஒருவர் என்று கொடுப்பது இப்போது எல்லாக் கட்சியிலும் வந்துவிட்டது. சேலம் நகரில் அது ஓரளவு ஓடும், வீடுகள் தெரு வரிசையில் இருப்பதால். ஆனால் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிக் குடும்பங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும். பட்டியலில் உள்ள வீட்டில் வேறொருவர் குடியிருப்பார். அங்கே பக்கம் பார்க்காமல் சந்து பார்த்துப் பிரிப்பது நல்லது. தறிக்காரர்களைப் பிடிக்க ஷிப்ட் மாறும் நேரம், செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளில் மதியச் சாப்பாட்டு நேரம். ஏற்காட்டில் காப்பி பறிக்கும் மாதங்களில், நவம்பர் முதல் ஜனவரி வரை, காலை ஏழு மணிக்கு மேல் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளில் கிழவிகளும் குழந்தைகளும்தான். மாலை ஐந்துக்கு மேல் போகலாம். எஸ்டேட் லயனில் ஒரே வீட்டு எண்ணில் பத்துக் குடும்பம் இருப்பதும் நடக்கும்; வீட்டு எண்ணை நம்பாமல் எஸ்டேட் மேஸ்திரியைக் கூட வைத்துக்கொண்டு ஒரு தடவை நடந்துவிட்டால் பட்டியல் நேராகிவிடும்.

குறியீடு ஐந்து போதும்: இருக்கிறார், வெளியூரில் வேலை, இறந்துவிட்டார், குடி மாறினார், ஆள் தெரியவில்லை. வெளியூர் வேலைக்காரர் எண்ணிக்கைதான் மலைப் பூத்துகளில் முடிவை நிர்ணயிக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பக்கத்து மாநில எஸ்டேட்டிலோ இருப்பவர் வரவேண்டுமென்றால் பத்து நாள் முன்பே பேசியிருக்க வேண்டும்.

படிவங்களுக்கு வருவோம். செயலியின் இந்தப் பகுதி நன்றாகச் செய்யப்பட்டது, தமிழிலும் இருக்கிறது, விண்ணப்ப எண்ணை வைத்து நிலை பார்க்கலாம். ஆனால் தப்பான படிவத்தைத் தேர்ந்தெடுத்தால் செயலி தடுக்காது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை இப்படி: புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இடம் மாற்றம், பிழை திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது, நான்குக்கும் படிவம் 8. நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. ஆதார் எண் தருவதற்கு 6பி, அது விருப்பத்தைப் பொறுத்தது. முன்பெல்லாம் வேறு தொகுதிக்குக் குடிபோனால் படிவம் 6 கொடுப்போம். பழைய ஆட்கள் இன்னும் அதையே நிரப்பச் சொல்கிறார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலத்துக்குப் போனவர் படிவம் 6 கொடுத்தால் இரண்டு இடத்திலும் பெயர் நிற்கும், கடைசியில் இரட்டைப் பதிவு என்று எதை நீக்குவார்களோ தெரியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டு வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாக இறங்கியது. அப்போது பெயர் விடுபட்டவர் பட்டியலிலேயே இல்லாதவர், ஆகவே அவருக்குப் படிவம் 8 பயன்படாது. படிவம் 6-ம் அதோடு உறுதிமொழிப் படிவமும். "அட்டை இருக்குதே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பார்கள். அட்டை இருப்பது ஓட்டுரிமை இல்லை, பட்டியலில் பெயர் இருப்பதுதான் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சலிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

18 வயதுக்குக் கணக்கு ஆண்டில் நான்கு தேதி: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1. 17 முடிந்தவர் முன்கூட்டியே கொடுக்கலாம். கல்லூரி வாசலில் மேசை போடும் கட்சிகள் இதைப் பயன்படுத்துகின்றன. மேசையில் ஒருவர் போனை வைத்துக்கொண்டு இருபது பேருக்கு நிரப்பலாம் என்று நினைத்தால் இப்போது நடக்காது. 2025 செப்டம்பரில் இணையவழி விண்ணப்பத்தில் ஆதார் வழி இ-சைன் (மின்கையொப்பம்) சேர்த்தார்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி விண்ணப்பதாரர் பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் பாதிப் பேருக்கு ஆதாரில் இருக்கும் எண் மகனுடையது, மகன் திருப்பூரில். ஆகவே அங்கே தாள் படிவம்தான். கட்டாக அச்செடுத்துக்கொண்டு ஏறுங்கள், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஊரில் கடை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிவம் 7 விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எதிர்க்கட்சி ஓட்டு என்று சந்தேகப்பட்டு ஆட்சேபனைகளை அள்ளி வீசும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பொய்யான உறுதிமொழிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் அங்கே நிற்கும், போடச் சொன்ன பகுதிச் செயலாளர் பெயர் நிற்காது.

இந்தத் தாள்களெல்லாம் போய்ச் சேருவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர் அல்லது ஆசிரியர். அவருக்குச் சமமாகக் கட்சி நியமிப்பவர்தான் வாக்குச்சாவடி நிலை முகவர், நாம் பிஎல்ஏ என்கிறோம். ஆணையம் தரும் வசதிகளில் கட்சிக்காக என்றே இருப்பவற்றில் இது முக்கியமானது, அதைக் கட்சிகள் பயன்படுத்துவது அரைகுறை. பெயரை எழுதிக்கொடுத்ததோடு சரி. அந்த மனிதருக்குத் தான் பிஎல்ஏ என்பதே தெரியாது. முறைப்படி செய்தால், திருத்தக் காலத்தில் பிஎல்ஏ ஒரு நாளைக்குப் 10 படிவம் வரை மொத்தமாகக் கொடுக்கலாம், தானே சரிபார்த்ததாக உறுதிமொழியோடு. காலம் முழுவதற்கும் 30-ஐத் தாண்டினால் பதிவு அதிகாரி தரப்பில் குறுக்குச் சரிபார்ப்பு வரும். ஆகவே கடைசி நாளில் நூறு படிவத்தைத் தூக்கிக்கொண்டு போவது வீண். முதல் நாளிலிருந்து தினம் எட்டு, ஒன்பது. வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்கிவிட வேண்டும். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். அந்த ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இரண்டுமே எடுபடாது.

85 வயதைத் தாண்டியவருக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளிக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி இருக்கிறது. இதைச் செயலியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். படிவம் 12டி-ஐ அலுவலர் வீட்டுக்குக் கொண்டுவருவார், தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஐந்து நாள் என்பது மலையில் ஒன்றுமேயில்லை. பட்டியலில் 85-க்கு மேற்பட்ட வயதை முன்பே சிவப்பில் வட்டமிட்டு வைத்திருந்தால்தான் முடியும். 12டி ஏற்கப்பட்டவர் பிறகு சாவடிக்கு வந்து ஓட்டுப் போட முடியாது என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும்.

சி-விஜில் நகரத்தில் தேறுகிறது, மலையில் திணறுகிறது. தேர்தல் அறிவிப்பிலிருந்துதான் அது வேலை செய்யும். செயலிக்குள்ளிருந்தே படமோ இரண்டு நிமிடத்துக்குள் காணொளியோ எடுக்க வேண்டும். கேலரியில் ஏற்கெனவே இருப்பதை ஏற்ற முடியாது. எடுத்ததிலிருந்து அனுப்ப 5 நிமிடம். இடம் தானாகவே பதிவாகும். அதன்பின் 15 நிமிடத்தில் பறக்கும் படை, மொத்தம் 100 நிமிடத்தில் முடிவு என்பது அவர்கள் போட்டிருக்கும் கணக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்போது நிலையைப் பின்தொடர முடியாது. பலரும் செய்யும் தவறு, "பணம் கொடுக்கிறாங்களாம்" என்று கேள்விப்பட்டு வீதியின் படத்தை எடுத்து அனுப்புவது. படத்தில் குற்றம் தெரியவில்லை என்றால் புகார் அங்கேயே முடிந்துவிடும். சுவர் விளம்பரம், அனுமதியில்லாத பேனர், பத்து மணிக்கு மேல் மைக் என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதற்கு இது மிகப் பொருத்தம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டி உள் ஊர்களுக்குப் போனால் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஐந்து நிமிடக் கெடு அங்கே கழுத்தைப் பிடிக்கும். அந்த ஊர்களில் சி-விஜிலை நம்பாமல் சாதாரணக் கேமராவில் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் தாளில் எழுதி, சிக்னல் கிடைத்ததும் 1950 என்ற உதவித் தொலைபேசி எண்ணுக்கோ தொகுதிக் கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்லிவிட்டு, எழுத்துப் புகாரைத் தேர்தல் நடத்தும் அதிகாரி அலுவலகத்தில் முத்திரையோடு கொடுப்பதே மேல். 1950 எண் பற்றிப் புகழ்ந்து யாரும் எழுதுவதில்லை. செயலி தெரியாத கிளைச் செயலாளருக்கு இதைவிட நல்ல சேவை கிடையாது.

சுவிதா என்பது அனுமதிக்கான ஒற்றைச் சாளரம். கூட்டம், ஊர்வலம், வாகனம், ஒலிபெருக்கி, தற்காலிகத் தேர்தல் அலுவலகம் எல்லாம் இதில். 48 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில். கோட்டை மைதானமோ போஸ் மைதானமோ ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வேண்டுமென்றால் கெடு முடியக் காத்திருக்காமல் தேதி முடிவான அன்றே போட்டுவிட வேண்டும். நடைமுறையில் விண்ணப்பம் நின்றுபோவது சின்னச் சின்ன காரணத்தால்: தனியார் இடத்துக்கு உரிமையாளர் கடிதம் இல்லை, வாகனத்தின் ஆர்சி புத்தகமும் காப்பீடும் மங்கலான படம், ஊர்வலப் பாதையில் தெருப் பெயர் பாதிதான் இருக்கிறது. வேட்பாளர் கணக்கில் ஒவ்வொரு அனுமதியும் செலவாக ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மைக் செட்காரரும் பந்தல்காரரும் காசோலை என்றால் முகம் சுளிப்பார்கள், பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

வாகன அனுமதியின் அசலைத்தான் முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், நகல் செல்லாது. மலைக்குப் போகும் ஜீப் அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் நின்றால் அரை நாள் போய்விடும். நோட்டீஸ் கட்டிலும் ஒரு கண் வையுங்கள். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிட்டவர் பெயர், முகவரி ஆகியவை ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 127ஏ பிரிவு அது. இரண்டு பேர் சாட்சியோடு உறுதிமொழி வாங்காமல் அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லும் அச்சகத்தை விட்டுவிட்டு வேறு பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தேர்தல் நெருங்கினால் தனியார் பூத் செயலிகளோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள். பெயரை அடித்தால் விவரம், இடுப்பில் மாட்டிய சின்ன புளூடூத் பிரிண்டரில் உடனே சிலிப். பார்க்க அழகு. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: உங்கள் பாகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து 30 பேரையும் ஒப்பிடுங்கள். பட வடிவப் பட்டியலிலிருந்து எழுத்தைப் பிடுங்கித்தான் இவை தரவைச் செய்கின்றன. தமிழில் ஒற்றும் கொம்பும் தப்புவது சகஜம். பெயர் கொஞ்சம் தப்பினால் பரவாயில்லை. வரிசை எண் தப்பினால் ஓட்டுச்சாவடியில் ஆளை அலைய விட்டதாகும். துணைப் பட்டியலை ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். வெப்பத்தாள் சிலிப்பை நான்கு நாள் முன்பு கொடுத்தால் சேலத்து வெயிலில் சட்டைப் பையிலேயே மங்கிவிடும். மேலே தலைவர் படமும் சின்னமும் அடித்துத் தருகிறோம் என்பார்கள். ஓட்டு நாளில் அது கூடாது. வெள்ளைத் தாள், பெயர், வரிசை எண், பாகம் எண், சாவடி, அவ்வளவுதான். கையால் எழுதிய சிலிப்பை இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை.

அலுவலர் வீடு வீடாகத் தரும் வாக்காளர் தகவல் சீட்டு வந்துவிட்டதே, நம் சிலிப் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சீட்டு அடையாள ஆவணம் ஆகாது, 2019-லிருந்தே அப்படி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று திரும்பியவர்கள் உண்டு. சிலிப் கொடுக்கும்போது "அட்டையோ ஆதாரோ நூறு நாள் வேலை அட்டையோ படம் ஒட்டிய பாஸ்புக்கோ, ஒண்ணு கையில இருக்கட்டும்" என்று சொல்வதற்குத்தான் நாம் போகிறோம்.

ஓட்டு நாளில் செயலி பையிலேயே இருக்கலாம். வாக்குப்பதிவு சதவீதம் காட்டும் பகுதி தொகுதி அளவில்தான் சொல்லும், உங்கள் பூத்தைச் சொல்லாது. உள்ளே இருக்கும் முகவரின் பட்டியலே கணக்கு, அவர் கையில் போன் இருக்க முடியாது, குறித்த பட்டியலை வெளியே கொண்டுவரவும் முடியாது. ஆகவே வெளியே மேசையில் இன்னொரு பட்டியல் வேண்டும், சிலிப் வாங்கிப் போனவரை அதில் டிக் அடிக்க. முன்பெல்லாம் அந்த மேசை சாவடியிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். 2025-ல் அதை 100 மீட்டராகக் குறைத்தார்கள். பள்ளி வாசலில் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள், கோட்டில் காலை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு டிக் விழாத வீடுகளைத் தனித்தாளில் எடுத்து ஆள் அனுப்பினால் தறிப் பகுதியிலும் லயன் பகுதியிலும் கணிசமாக வருவார்கள். மூன்றரைக்கு மேல் ஆரம்பித்தால் மலையில் நேரம் போதாது.

உள்ளே உட்காரும் முகவர் வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பே இருக்க வேண்டும். ஏழு மணிப் பதிவுக்கு ஐந்தரை. மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு, முடிந்ததும் இயந்திரத்தை மூடி, முடிவைப் பார்த்து, அழித்துவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. மலைப் பூத்துக்கு முகவர் முதல் நாள் இரவே அந்த ஊரில் படுத்துவிட வேண்டும்; விடிகாலைப் பஸ்ஸை நம்ப முடியாது. ஆள் மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், சில்லறையாக வைத்திருங்கள்.

மாலையில் களைப்பில் விட்டுவிடுவது படிவம் 17சி. பதிவான ஓட்டுக் கணக்கு அதில் இருக்கிறது. சாவடித் தலைமை அலுவலர் அதன் நகலை முகவருக்குக் கொடுக்க வேண்டும், கேட்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் கேளுங்கள். இயந்திர எண்கள் மூன்றும், 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எண்ணிக்கையும், இயந்திரம் காட்டும் மொத்தமும் பொருந்துகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் படம் எடுத்து ஒன்றியத்துக்கு அனுப்பிவிடுங்கள். சிக்னல் இல்லாத ஊரானால் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரவே ஏற்காட்டுக்கு வந்து சேர வேண்டும். எண்ணிக்கை நாளில் மேசையில் அந்த இயந்திரம் வரும்போது எண்ணும் முகவர் கையில் இருக்க வேண்டியது அதுதான்.